கத்திக்கும் தோலுக்கும் நடுவே

முன்னறையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரே ஒரு தட்டு.

அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் குரல் மறந்துபோயிருந்தது. முகம்கூடப் பாதி அழிந்துவிட்டிருந்தது. ஆனால் அந்தத் தட்டல்? ஒரு காலத்தில் அது கேட்டதும் குழந்தையைத் தூக்கிக் கட்டிலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் தாழ்ப்பாளைத் திறப்பாள். அது எப்படி மறக்கும்?

கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். அந்த மனிதனுக்காகவே வாங்கிய கத்தி.

"நீ எங்க போனாலும் விடமாட்டேன்டி, தேடி வந்து தீர்த்துருவேன்!" என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தான் அவள் கணவன். வீட்டைவிட்டு வந்த மூன்றாம் நாள், ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இரும்புச் சாமான் கடையில் போய் நின்றாள். மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றைக் காட்டினாள்.

"எதுக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"காய் நறுக்க."

"காய் நறுக்க மடக்குக் கத்தியா? ஏம்மா, காயைத் தேடிப் போயா நறுக்கப் போறீங்க?"

சொன்ன பொய்க்குக் கூசியோ என்னவோ, அன்றைக்கே அதில் தக்காளி நறுக்கினாள். அதற்குப் பிறகு அந்தக் கத்தி செய்யாத வேலையில்லை. மகளுக்குப் பென்சில் சீவியது, அட்டைப் பெட்டி பிரித்தது, சமயத்தில் கழன்ற திருகாணியையும் முடுக்கியது. கடைசியில் இருவருக்கும் சோறு போட்டதும் அதுதான்.

துணி குடோனில் பார்சல் பிரிக்கும் வேலை அவளுக்கு. கயிற்றை அவசரமாக அறுத்தால் உள்ளேயிருக்கும் துணியும் சேர்ந்து கிழியும். அதனால் அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். கயிற்றுக்கு அடியில் முதலில் இடது ஆள்காட்டி விரலை நுழைக்க வேண்டும். அந்த விரலுக்கு மேலேதான் கத்தி ஓட வேண்டும். நழுவினால் விரல் வெட்டுப்படும், துணிக்கு ஒன்றும் ஆகாது. பத்து வருஷத்தில் அவளுடைய அந்த விரல் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது.

குடோனில் அவளுக்குப் பெயரே கத்தியக்காதான். எடை போடுகிறவருக்கு அவள் பையைக் கண்டால் நாக்கு சும்மா இருக்காது.

"கத்தியக்கா, குடை, டப்பா, சீப்பு, தண்ணி பாட்டில்னு ஒரு குடித்தனமே உள்ள இருக்கு. திருடன் வந்தா என்ன பண்ணுவீங்க? 'கொஞ்சம் நில்லுப்பா, கத்தி அடியில கிடக்கு'ன்னு சொல்லிட்டுத் தேடுவீங்களா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கையைப் பைக்குள் விட்டு மரப்பிடியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இன்றைக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. மறுபடியும் அதே தட்டல்.

"யாரும்மா?" உள்ளறையிலிருந்து மகள் கேட்டாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீ படி. வெளிய வராதே."

கதவுச் சங்கிலியை மாட்டினாள். வலது கையிலிருந்த கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கதவை நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தாள்.

வெளியே நின்றது ஆளா, ஆளின் மிச்சமா? சட்டை இன்னொருவருடையது போலத் தொளதொளத்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எந்தக் கையைக் கண்டு அவள் நடுங்கினாளோ, அந்த வலது கை துவண்டுபோய்த் தொங்கியது.

"நான்தான்."

"தெரியுது. விலாசம் யாரு குடுத்தா?"

"உங்கண்ணன்தான். ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பினாங்க. போக்கிடம் இல்ல. ஒரு மூலையில கிடந்துக்கறேன். உன் கண்ணுலகூடப் படமாட்டேன்."

ஐயோ, இதற்கு அவள் தயாராக இருக்கவில்லையே! கர்ஜித்துக்கொண்டு வரப்போகிறவனுக்காக எத்தனை முறை கண்ணாடி முன்னால் நின்று கத்தியை ஓங்கிப் பார்த்திருக்கிறாள்! கெஞ்சிக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது என்று எந்தக் கண்ணாடியும் காட்டவில்லை. சங்கிலியைக் கழற்ற ஒரு நொடி போதும். பாழாய்ப்போன மனசு அந்த நொடியைத்தான் கேட்டது. கதவைத் திறந்துவிட்டால், இத்தனை வருஷம் கட்டிக்காத்த நிம்மதி திரும்ப வருமா?

"இடமில்ல. நீ இங்க இருக்க முடியாது."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அடி வாங்கும்போதுகூட 'விடுங்க, விடுங்க' என்று அழுதவள்தானே அவள்? அவனை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"உங்கண்ணன்தான் சொன்னாரு, பாவம், அவ சேர்த்துக்குவான்னு..."

"அவ்வளவு பாவமா இருந்தா அவன் வீட்டுல வெச்சுக்கட்டும்."

அவன் தலை குனிந்தான். "பாப்பாவையாவது ஒரு தடவை காட்டு."

அவள் தலையை மட்டும் திருப்பினாள். உள்ளறை வாசலில் மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ! அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்த கத்தியைப் பார்த்தாள். கதவிடுக்கைப் பார்த்தாள். பிறகு வெளியே கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, எண்ணெய் காயுது. சீக்கிரம் வா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கட்டிலுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தையின் பதில் அது. அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். நிற்கத் தள்ளாடி, இடது கையால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். அந்த இடது மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை. ஊசி ஏற்றிக் கை வீங்கியதில் அது சதையை இறுக்க, சுற்றிலும் செக்கச்செவேலென்று தடித்திருந்தது.

"இதை ஏன் இன்னும் கழட்டல?"

"இன்னொரு கைதான் விளங்கலையே. யாரைக் கேக்கறது?"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தியை எடுத்தாள். அவன் முகம் வெளிறியது. கதவை விட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

"கையை நீட்டு."

அவன் அவளைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கதவிடுக்கு வழியாகக் கையை உள்ளே நீட்டினான்.

அவளைக் கேட்காமலே அவளுடைய இடது ஆள்காட்டி விரல் முன்னால் போனது. பட்டைக்கு அடியில், அவன் நாடி துடிக்கும் இடத்துக்கு மேல் நுழைந்துகொண்டது. விரலுக்கு மேலே கத்தி ஓடியது. பட்டை இறுக்கமாக இருந்ததால் கத்தி ஒரு கணம் வழுக்கிவிட்டு அறுத்தது. பட்டை தரையில் விழுந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். மணிக்கட்டில் ஒரு கீறல் இல்லை. அவள் விரலில் ரத்தம் துளிர்த்தது.

"உன் விரலு..."

"அது பழகிப்போச்சு."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். "நீ குத்திடுவேன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், பதினோரு வருஷமா."

அவள் குரல் உடைந்தது. ஆனால் கை சங்கிலிப் பக்கம் போகவில்லை.

"அண்ணன் வீட்டுக்கே போ. உன்னைப் பார்த்துக்கச் சொல்லி நான் ஃபோன் பண்றேன். இங்க மட்டும் மறுபடி வராதே."

அவன் தலையாட்டினான். மாடிப்படியின் கைப்பிடிச் சுவரை இடது கையால் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து இழுத்து இறங்கினான்.

"பார்த்து இறங்கு," என்றாள்.

திருப்பத்தில் அவன் தலை மறையும்வரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தியை மடக்கினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.