‘சரி’ என்று கேட்ட காது

மூன்று ஆண்டுகளுக்கு முன், வங்காளத்தில் பெஹாலா என்ற இடத்தில், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் தர ஆய்வாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதிலும் எஞ்சினியர். நேர்காணலில் "வங்காளம் தெரியுமா?" என்று கேட்டபோது, தயங்காமல் தெரியும் என்றேன். தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் நிறுத்தம் கேட்டு இறங்கும் அளவுக்குத்தான்.

அங்கே துப்பாக்கிகளைச் சீராக்கும் ஒரு மிஸ்திரி இருந்தார். ரிவால்வரின் குழலுக்குள் கம்பியை விட்டு, குண்டு இருக்கும் ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கிறதா என்று பார்ப்பார். மயிரிழை விலகினாலும், சுடும்போது ஈயம் சீவிக்கொண்டு பக்கவாட்டில் தெறிக்கும். நான் எதற்கெடுத்தாலும் ‘சரி’ என்பதால், அதை வங்காள உச்சரிப்பில் உருட்டி, ‘என்ன, சரி அக்கா!’ என்கிற மாதிரி "கீ கோ, சொரி திதி!" என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்.

ஒருநாள், முந்தின நாள் சீராக்கிய ரிவால்வரை மறுபடி பார்த்துவிட்டு, "சொரே கேச்சே, திதி" என்றார். ‘கேச்சே’ என்றால் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். என் ‘சரி’யைத்தான் உருட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். கம்பியை விட்டுப் பார்க்காமலே ‘தேறியது’ என்ற பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், சோதனை அறையில் அதைச் சுட்டுப் பார்த்தவரின் கன்னம் கிழிந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

முதலாளி எங்கள் இருவரையும் நிறுத்தி விசாரித்தார். மிஸ்திரி படபடவென்று பேசினார். இங்கேயே பவானிபூரில் பிறந்து வளர்ந்து வங்காளம் நன்றாகத் தெரிந்த தமிழ் டைப்பிஸ்ட் அக்கா என் காதருகே, "நகர்ந்துடுத்துன்னு உன்கிட்ட சொன்னாராமேடி! ‘சொரே கேச்சே’ன்னா அதானே. உனக்குத்தான் பெங்காலி தெரியுமே?" என்றாள்.

அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஒத்துக்கொண்டால் வேலை போகும், நேர்காணலில் சொன்ன பொய்யும் வெளிவரும். மிஸ்திரி ‘சரியாகிவிட்டது’ என்றுதான் சொன்னார் என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை அப்படியே டைப் அடித்தாள்.

"படித்த பெண் எதற்குப் பொய் சொல்லப் போகிறாள்?" என்றார் முதலாளி. அன்றே மிஸ்திரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

வாசலில் என்னைக் கடந்து போகும்போது அவர் திட்டவில்லை. "பாங்ளாட்டா ஷிகே நியோ, திதி" என்றார். வங்காளத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார் என்று அது மட்டும் நன்றாகவே புரிந்தது.

இப்போது வங்காளம் சரளமாகப் பேசுகிறேன். அவர் வீடு எங்கே என்றும் தெரியும், இன்னும் போகவில்லை. அன்று என் பேச்சை நம்பவைத்தது என் படிப்புதான் என்பது, யாராவது அதைப் புகழும்போதெல்லாம் வாயில் கசக்கிறது.