வருஷத்தை மட்டும் மாற்று

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'ஒட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட விதிகளில் ஏதாவது மாறினால் மொத்தப் புத்தகத்தையும் உடனே புதிதாக அச்சடிக்க மாட்டார்கள். மாறிய வரிகளை மட்டும் சீட்டாக அனுப்புவார்கள். அதை வெட்டி, விதிப் புத்தகத்தில் பழைய வரிகளின் மேல் ஒட்ட வேண்டும். தட்டச்சு செய்ய வந்த அக்காவின் தலையில் இந்த வேலை விழுந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. கூரைகளுக்கான புத்தகம் ஒட்டி ஒட்டி மூட முடியாமல், செரிக்காத வயிறு மாதிரி உப்பிக்கிடக்கும்.

அவர் அறைக்குள் போனாலே எனக்குக் குமட்டும். ஜன்னல் இல்லை. கழிப்பறைச் சுவரின் ஈரம் இந்தப் பக்கம் கசிந்து அலமாரியின் முதுகில் பூசணம் பூத்திருக்கும். கோந்துப் பாட்டிலின் கழுத்தில் ஒரு கரப்பான்பூச்சிக் கால், என்றைக்கோ ஒட்டியது, அப்படியே இருக்கிறது. அக்கா அதைச் சுற்றித்தான் பிரஷ்ஷை விடுவார். சாப்பிடும்போது கட்டை விரலில் காய்ந்த கோந்து உரிந்து டப்பாவில் விழும். அதை எடுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுவார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவர் கணவர் தையல்காரர். ஒருநாள் குடை கொடுக்க வந்தவர், "நான் தைக்கிறேன், இவ ஒட்டுறா. அப்படியும் எங்க வீட்ல கிழியறது நிக்கல தம்பி" என்றார்.

"முதல்ல உங்க வாயைத் தைங்க" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

ஆனால் அலுவலகத்தில் விதிகளைப் படிக்கும் ஒரே ஆள் அவர்தான். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு சீட்டையும் படிப்பார். கூரையை எப்படிப் போட வேண்டும் என்று நாங்கள் தயாரிக்கும் விவரக்குறிப்பை அதோடு ஒப்பிட்டு, 'நடப்பு விதிகளுடன் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை போடுவார். முத்திரையின் அடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். நாளைக்கு ஏதாவது ஆனால் கேள்வி அவரிடம்தான் வரும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "கட்டடம் விழாம இருக்க என் பிள்ளைதான் கணக்குப் போடுறான்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் எந்தக் கணக்கும் போடவில்லை. எதற்கெடுத்தாலும் 'ஆகட்டும்' சொல்லும் தலைமைப் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயரும் ஆகட்டும்தான். முதல் நாளே அவர் எனக்குத் தொழிலைச் சொல்லிவிட்டார். "பழைய ஃபைலைத் திற. ஊர் பேரை மாத்து. விதியில வருஷத்தை மட்டும் மாத்து. ஆகட்டும்." எட்டு மாதத்தில் பதினான்கு கூரைகளுக்கு மாற்றினேன். கீழே இருந்த அட்டவணைகளை ஒருமுறையும் படிக்கவில்லை. நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. படித்தால் எதையாவது கேட்க வேண்டிவரும் என்று பயந்தேனோ என்னவோ.

பதினைந்தாவது, கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். தகரக் கூரை. மறுநாள் ஒப்பந்தக்காரர்களுக்கு டெண்டர் பிரதி கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். அன்று நாலு மணிக்குள் விவரக்குறிப்பின் முப்பது பிரதிகள் தயாராக வேண்டும். பதினோரு மணிக்கு அக்கா முப்பத்தேழாம் பக்கத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"இது யார் பாத்தது?"

"நான்தான்க்கா."

"வருஷம் இந்த வருஷம். அட்டவணை என் கல்யாணத்துக்கு முந்தினது. போன மாசம் சீட்டு வந்துச்சே?"

பழைய விதிப்படி, நெளித் தகரத்தின் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ போட்டால் போதும். புதிய சீட்டு, கூரையின் ஓரத்திலும் மூலையிலும் ஒவ்வொரு மேட்டிலும் போடச் சொல்கிறது. காற்று அடியில் புகுந்து தூக்குவது அங்கேதான். இது எனக்குத் தெரியாததல்ல. மூன்றாம் ஆண்டுப் பரீட்சையில் இதை எழுதித்தான் பத்துக்குப் பத்து வாங்கினேன்.

அக்கா நேராக ஆகட்டும் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஆகட்டும் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்திப் பல் குத்திக்கொண்டிருந்தார். கிளிப்பின் நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டு மேசையின் அடியில் தேய்த்தார்.

"இதுக்கு நான் சீல் போடமாட்டேன் சார்."

"மாத்தினா ஸ்க்ரூ எண்ணிக்கை மாறும், வரைபடம் மாறும். மூணு நாள் இழுக்கும்மா. மேல வருஷம் சரியாத்தானே இருக்கு?"

"வருஷமா சார் போய் தகரத்தைப் பிடிச்சுக்கும்?"

"சரி, சாப்பிட்டுட்டு வாங்க. பேசுவோம். ஆகட்டும்."

அக்கா சாப்பிடப் போனதும் ஆகட்டும் என்னை அக்காவின் ஈர அறைக்குக் கூப்பிட்டார். மேசையின் இழுப்பறையைத் திறந்து முத்திரையை என் கையில் வைத்தார். "எல்லாப் பிரதியிலும் போட்டுடு."

"அக்கா பேர் இருக்கே சார்."

"காத்து அடிக்கும்போது பாத்துக்கலாம்."

போட்டேன். ஐந்தாவது பிரதியில் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது, நிறுத்தவில்லை. முப்பதாவது சற்றுக் கோணலாக விழுந்தபோது, அடடா, நேராகப் போட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டேன். கரப்பான் காலைப் பார்த்து முகம் சுளித்தவன் நான். அன்று நான் நினைத்த அந்த 'அடடா'வைவிட அசிங்கமாக அந்த அறையில் எதுவும் இல்லை.

திரும்பி வந்த அக்கா மை டப்பாவைப் பார்த்தார். பிறகு என் கையை.

"விரல்ல என்ன தம்பி?"

"சார்தான் போடச் சொன்னாருக்கா."

"சார் விரல்ல ஒண்ணும் இல்லையே."

அக்கா விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்து, புதிய அட்டவணையைத் தட்டச்சு செய்தார். எட்டு வரி. முப்பது பிரதி எடுத்தார். வெட்டினார். ஒவ்வொரு பிரதியிலும் முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து, பழைய அட்டவணையின் மேல் ஒட்டத் தொடங்கினார்.

"நான் வெட்டட்டுமாக்கா?"

"நீ இன்னிக்கு ஏற்கனவே நிறைய வேலை பாத்துட்டே."

நின்றுகொண்டே இருந்தேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆகட்டும் வந்து ஒரு பிரதியைப் புரட்டினார். சீட்டின் மூலையை நகத்தால் நெம்பினார்.

"இழுத்தா பக்கமே கையோட வரும் சார்" என்றார் அக்கா.

"வரைபடத்துல பழைய கணக்குல்ல இருக்கு?"

"ரெண்டும் முரணா இருந்தா விவரக்குறிப்புதான் செல்லும்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கு. அது யாரும் மாத்தாத வரி."

பிரதிகளை வாங்கிப்போக வந்த ஆள் வாசலில் நின்று வண்டியின் ஹாரனை அடித்தான். ஆகட்டும் நகத்தில் ஒட்டிய கோந்தை என் சட்டைக்குப் பக்கத்துச் சுவரில் துடைத்துவிட்டு, "ஆகட்டும்" என்றார்.

அடுத்த வாரம் ஒரு பேருந்துப் பணிமனையின் கூரை வந்தது. "பள்ளிக்கூட ஃபைலைத் திற, ஊர் பேரை மாத்து" என்றார் ஆகட்டும். திறந்தேன். முப்பத்தேழாம் பக்கத்தில் பழைய அட்டவணை பத்திரமாக இருந்தது. அக்கா ஒட்டியது காகிதத்தில்தானே. யாரையும் கேட்காமல் விதிப் புத்தகத்தை எடுத்து வந்து எட்டு வரியையும் மாற்றினேன். ஸ்க்ரூக்களை மறுபடி எண்ணினேன். வரைபடத்தில் திருத்தினேன். மூன்று நாள் வேலை என்று அவர் சொன்னது மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஒப்பிட்டார். முத்திரை போட்டார். பிறகு அதை இழுப்பறையில் வைக்காமல், தன் சாப்பாட்டுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தார்.