கனடாவுக்கு அனுப்பிய லிங்க்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் அதிகம் புழங்குவதில்லை. ஆனாலும் லிங்க் என்ற சொல் மட்டும் உப்பு, புளி மாதிரி எல்லார் வாயிலும் கிடக்கிறது. கோயில் தேரை நேரடியாகப் பார்க்க லிங்க், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுக்கு லிங்க், பரீட்சை முடிவு பார்க்க லிங்க். அரசாங்கக் கந்தோரில் ஓர் அலுவல் முடியாமல் இழுபட்டால், "உங்கை ஆரும் லிங்க் இருக்கோ?" என்று கேட்பார்கள். அது அங்கே தெரிந்த ஆள் உண்டா என்ற விசாரணை. நான் படிப்பிக்கிற பாடசாலையில் தமிழாசிரியர் ஒருவர், இதைத் தொடுப்பு என்று அழகாகச் சொல்லலாமே என்றார். ஊரில் தொடுப்பு என்றால் கள்ள உறவு. ஆசிரியைகள் சிரித்த சிரிப்பில் மனிதர் தேத்தண்ணியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழும்பிப் போனார்.

அந்தச் சொல் அதிகம் கேட்பது செத்தவீடுகளில்தான். யாராவது மோசம் போனால் முன்பெல்லாம், "எப்ப எடுக்கினம்?" என்று கேட்பார்கள். இப்போது அதோடு சேர்த்து, "லிங்க் போடுவினமோ?" என்றும் கேட்கிறார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் போய்விட்ட எங்கள் ஊரில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் கமராவுக்கு முகம் காட்டி அழுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஐயா கடைசிக் காலத்தில் படுக்கையோடு கிடந்தார். அம்மா முந்தியே போய்விட்டார். அண்ணை மானிப்பாயில் கடை வைத்திருக்கிறார். ஞாயிறுகளில் பழங்களோடு வந்து, ஐயாவின் காலடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். தங்கச்சி கனடாவில். கொக்குவில் வீட்டில் ஐயாவோடு இருந்தது நான். கஞ்சி பருக்கியது, உடம்பு துடைத்தது, புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் நான்தான். சொல்லிக் காட்டுகிறேன் என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும், உள்ளது உள்ளதுதான்.

தங்கச்சிக்கு அங்கே வதிவிட அலுவல் இன்னும் முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக விடமாட்டார்கள். ஐயா மோசம் போன செய்தியைச் சொன்னபோது அழுதாள். அழுது முடித்ததும், "அக்கா, லிங்குக்கு ஒழுங்கு செய்யுங்கோ," என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஒழுங்கு செய்தேன். வீடியோக்காரர் அனுப்பிய லிங்கைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான்தான். அதில் இல்லாதவர்களுக்குத் தனித்தனியாகவும் அனுப்பினேன். ஒருவரும் விடுபடவில்லை என்று எனக்கு ஒரு திருப்தி.

கிரியை தொடங்கியது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் ஐயாவின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, கொஞ்சம் விலகி நில்லுங்கோ. முகம் மறைக்குது," என்றார் வீடியோக்காரர்.

விலகி நின்றேன். குருக்கள் மந்திரத்தை நிறுத்தி, "கனடாவுக்குத் தெரியுதோ?" என்று கேட்டார். தெரிகிறது என்ற பிறகுதான் தொடர்ந்தார். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. எனக்குரியதைப் போட்டதும், "கனடாவிலை இருக்கிற மகளுக்காகவும் போடுங்கோ பிள்ளை," என்றார் குருக்கள். தங்கச்சியின் வாய்க்கரிசியும் என் கையால்தான் விழுந்தது.

பிறகு பெட்டியைத் தூக்கினார்கள். எங்கள் ஆட்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. கேற்றோடு நின்றுவிட வேண்டும். யாரும் என்னை மறிக்கவில்லை. காலே நின்றுவிட்டது. ஐயாவுக்கு நெருப்பு வைக்கும்வரை அவரோடு நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவ்வளவு காலமும் பார்த்துவிட்டு, கடைசியில் ஆரோ போல வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் விட்டுவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். வீடியோக்காரர், வந்தவர்களில் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, கமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். அவரைப் பார்க்கவும் எரிச்சலாக இருந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். நான் கிணற்றடியில் தோய்ந்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கச்சி.

"அக்கா, அண்ணை குடத்தோடை சுத்திறார். பாக்கிறியளோ?"

"நான் எங்கையடி பாக்கிறது? நான் வீட்டிலை எல்லோ நிக்கிறன்."

"லிங்கைத் திறவுங்கோவன், அக்கா."

அத்தனை பேருக்கும் அதை அனுப்பியவள் நான். எனக்கும் அது திறக்கும் என்று புத்திக்கு எட்டவே இல்லை. லிங்க் என்றால் கனடாவுக்கு, லண்டனுக்கு என்றே நினைத்திருந்தேன். சுடலையோ எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

கிணற்றுக் கட்டில் இருந்து திறந்தேன். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்று படம் வந்தது. வீடு கழுவிய தும்புத்தடியோடு மாமி பக்கத்தில் வந்தார். ஐயாவின் ஒரே தங்கை அவர்.

"என்ன பிள்ளை பாக்கிறாய்?"

"சுடலை, மாமி."

"பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை."

"நான் போகேல்லையே. இஞ்சை கிணத்தடியிலைதானே இருக்கிறன்."

மாமி தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு என்னோடு ஒட்டி இருந்தார். "கொஞ்சம் இஞ்சாலை திருப்பிப் பிடி, எனக்கு வெளிச்சம் அடிக்குது," என்றார்.

அண்ணை பின்பக்கமாகத் திரும்பி நின்று கொள்ளி வைத்தார். வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை. அவர் பார்க்காமல் நடந்து போனார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் புகை மட்டும் வந்தது. பிறகு தலைப்பக்கத்தில் நெருப்புப் பிடித்தது. படத்துக்குக் கீழே யார் யாரோ கைகூப்பிய படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழ அழ நெஞ்சு லேசாகியது. ஐயாவை விட்டுவிடவில்லை என்று ஆறுதலாகவும் இருந்தது.

வீடியோக்காரர் நிறுத்திவிட்டார். திரை கறுத்தது. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரின் கணவரான மாமாவையும் இந்த ஒழுங்கையால்தான் கொண்டுபோனார்கள். ஊரில் ஒருவரிடமும் கைத்தொலைபேசி இல்லாத காலம் அது. மாமியும் கேற்றோடு நின்றுவிட்டவர்தான்.

"பிள்ளை, மாமாவைக் கொண்டுபோனதும் உதிலை கிடக்குமோ?"

"இல்லை, மாமி. அப்ப லிங்க் இல்லை."

"எதுக்கும் ஒருக்கால் தேடிப் பாரன்," என்றார் மாமி.

நான் மாமாவின் பெயரை எழுத்து எழுத்தாக அடித்துத் தேடினேன்.