மாமா கையெழுத்துப் போட்ட அட்டை

என் தங்கை கீதாஞ்சலிக்குப் பதினெட்டு வயது. திருப்பூரில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். நான் பத்தோடு நின்று, அருள்புரத்தில் எங்கள் தாய்மாமன் சிவசுப்பிரமணியத்தின் பனியன் யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன், என் தங்கையிடம் குறை என்று எடுக்க ஒன்றுதான் கிடைத்தது. எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாள்.

ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் அவளை மேடை ஓரத்தில் மரமாக நிறுத்தினார்கள். நடுவில் ஆடிய பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மரமும் காலைத் தட்டிவிட்டது. டீச்சர் திட்டினார். அன்றைக்குப் பிடித்த ஆசை. போன ஜூலையில் கல்லூரியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். பரதநாட்டிய வகுப்பு, செவ்வாயும் வியாழனும், மாலை மூன்றரை முதல் ஐந்து வரை. முப்பது பேருக்குத்தான் இடம். பெற்றோர் கையெழுத்தோடு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் மறுபடி சேர்க்க மாட்டார்கள்.

எங்கள் அப்பா நல்லான், மாமாவின் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை அடுக்கி மிஷினை ஓட்டினால் கை நடுங்காது. பேனாவைக் கொடுத்தால் நடுங்கும்.

"எனக்கொண்ணும் இல்ல கண்ணு. உங்க மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றார்.

வண்டிக்கு என்ன கலர் வாங்குவது என்றுகூட மச்சானைக் கேட்டவர் அவர். கீதாஞ்சலியும் முகம் சுளிக்காமல் யூனிட்டுக்கு வந்து மாமா முன்னால் படிவத்தை நீட்டினாள். மாமா கண்ணாடியை மாட்டி, ஒரு கப் டீ முடியும் வரை படித்தார்.

"பொம்பளப்புள்ள நாலு பேர் முன்னால ஆடறதா? நம்மூட்ல அந்தப் பழக்கம் இல்ல கண்ணு."

மாமா அவினாசிப் பக்கம் ஒரு கும்மிக் குழுவில் முன்வரிசை ஆட்டக்காரர். குழுவுக்கே மஞ்சள் டீசர்ட் எங்கள் யூனிட்டில்தான் தைத்தோம். ஆடிவிட்டு வந்தால் மூன்று நாளைக்கு அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க, மேலே பறந்து எடுத்த வீடியோவில் அவரே குதித்துக்கொண்டிருப்பார்.

"நீங்க ஆடறீங்களேங்க மாமா" என்றாள்.

"அது சாமிக்கு ஆடறது."

"சாமி பாக்கறதுக்கு ட்ரோன் கேமரா எதுக்குங்க?"

அயர்ன் டேபிளில் நின்ற ஆரோக்கியராஜ் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டார். மாமாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் கேட்ட பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பினார் என்ற பேச்சும் அவருக்கு ஆகாது.

"சரி, என்ன ஆட்டம்னு தெரியாம நான் எப்புடிச் சொல்றது? ஒரு சாம்பிள் காட்டு. ஞாயித்துக்கெழம எல்லாரையும் வெச்சுப் பாத்துப்போட்டுச் சொல்றேன்."

கற்றுக்கொள்ள அனுமதி கேட்டவளிடம், கற்றதை ஆடிக் காட்டச் சொன்னார். அவளும் "சரிங்க மாமா" என்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் யூனிட்டில் எந்த டிசைனாக இருந்தாலும் முதலில் ஒரு சாம்பிள் தைப்போம். அதோடு ஒரு அட்டையைக் கட்டுவோம். அட்டையில் குறை எழுத இடமும், கீழே மூன்று கட்டங்களும் இருக்கும்: 'சரி', 'குறிப்புப்படி திருத்தி வேலையைத் தொடங்கலாம்', 'மறு சாம்பிள்'. டிக் போட்டுக் கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. போன வருடம் ஒரு சாம்பிளில் பாக்கெட் அரை இஞ்சு சாய்ந்திருந்தது. ஆர்டர் கொடுத்தவர்களின் ஆள் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். சரக்கு முழுக்கச் சாய்ந்து நின்றதும் சண்டைக்கு வந்தார். மாமா அட்டையை அவர் மூக்குக்கு நேரே பிடித்து, "கையெழுத்து உங்குளுது. சாம்பிள் சாஞ்சிருந்துச்சு, நாங்களும் சாச்சுத் தெச்சோம்" என்றார். வந்தவர் சரக்கை ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் கதையை மாமா சொல்லாத கல்யாணப் பந்தி கிடையாது.

ஆறு நாள் கீதாஞ்சலி செல்போனில் வீடியோ பார்த்து மொட்டைமாடியில் தட்டடவு என்ற முதல் காலடியைப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யூனிட்டில் செக்கிங் டேபிளைச் சுவர் ஓரமாகத் தள்ளினோம். மாமா, அத்தை, அப்பா, எங்கள் அம்மா மாரக்காள், பெரியப்பா குடும்பம், அயர்ன் அண்ணன், ஓவர்டைமுக்கு வந்த பீகார் டெய்லர் ஒருவர், நான் என மொத்தம் பதினோரு பேர். நாலு பேர் முன்னால் ஆடலாமா என்று முடிவு செய்யப் பதினோரு பேர் முன்னால் ஆட விட்டார்கள்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, "தெய்யா தெய்" என்று தானே சொல்லிக்கொண்டு ஆடினாள். சிமெண்ட் தரை அதிர்ந்தது. பாதமெல்லாம் வெட்டுத்துணி நூல் ஒட்டியது. ஆறு நாள் பழக்கத்தில் என்ன வருமோ அதுதான் வந்தது. இரண்டு இடத்தில் கால் மாறியது, நான் எண்ணினேன். ஆனால் முகம் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை சிரித்தது. முடித்ததும் பீகார்க்காரர் "பஹுத் படியா!" என்று இந்தியில் பாராட்டிக் கைதட்டினார்.

"உன்ற வேலையப் பாருய்யா" என்று மாமா அவர் மேல் பாய்ந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "அபிராமி, எழுதறதுக்கு ஏதாச்சும் குடு."

மேசையில் வெள்ளைக் காகிதமும் இருந்தது. நான் அட்டைக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.

மாமா எழுதினார். ஒன்று, கால் சத்தம் குறைக்கவும். இரண்டு, துப்பட்டா பின் குத்தவும். மூன்று, முகத்தில் சிரிப்பு அதிகம். டெய்லர்கள் தைத்துக் காட்டும் சாம்பிளுக்கெல்லாம் குறை எழுதி இரண்டாவது கட்டத்தில்தான் டிக் போடுவார்; ஒன்பது வருடமாக அவர் கை போகும் வழி எனக்குத் தெரியும். டெய்லரைத் திட்டிக்கொண்டே இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டார்.

"இதெல்லாம் திருத்தீட்டு வா. அடுத்த ஞாயித்துக்கெழம மறுக்கா பாக்கறேன்."

அடுத்த ஞாயிறு, வெள்ளிக்கு அப்புறம்தான் வரும். கீதாஞ்சலியின் கண் கலங்கியது. நான் அட்டையை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"'குறிப்புப்படி திருத்தி வேலையைத் தொடங்கலாம்.' டிக் போட்டிருக்கறீங்க மாமா."

"அது பழக்கத்துல போட்டது. அடிச்சுப்போட்டு மூணாவதுல போடு."

"அடிச்ச அட்டை செல்லாதுன்னு செவுத்துல நீங்கதானுங்க எழுதி ஒட்டியிருக்கறீங்க."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஓரமாக நின்றிருந்த அம்மா, "அண்ணா, அந்தப் பாக்கெட்டு கதைய இன்னொருக்காச் சொல்லுங்க. கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "மச்சான் சைன் இருக்குதல்லொ" என்றார். படிவத்தை வாங்கிக் கட்டிங் டேபிள் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவே இல்லை. மச்சான் சைன் போட்ட பிறகு எந்தத் துணியையும் வெட்டுவார்.

திங்கட்கிழமை படிவம் கொடுத்தாள். இருபத்தாறாவது இடம். அடுத்த வார வியாழக்கிழமை வகுப்பு முடித்துவிட்டு நொண்டிக்கொண்டே யூனிட்டுக்கு வந்தாள். மாமா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த அட்டையக் குடுத்துரு கண்ணு" என்று கேட்டார்.

"ஆர்டர் முடியற வரைக்கும் அட்டை தெக்கறவங்ககிட்டத்தான் இருக்கோணும்னு அக்கா சொன்னாங்க மாமா."

"எப்ப முடியும் உன்ற ஆர்டரு?"

"மூணு வருசம் ஆகுங்க."

அட்டை இப்போது எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. மாமா எழுதிய குறிப்புப்படி துப்பட்டாவைப் பின் குத்துகிறாள். மொட்டைமாடியில் பழகும்போது கீழ்வீட்டுக்குக் கேட்காமல் காலைத் தட்டுகிறாள். மூன்றாவது குறை மட்டும் அப்படியே இருக்கிறது. செக்கிங்கில் அதைப் பார்த்தும் நான் விட்டுவிட்டேன்.