பியானோவில் இருப்பது அவர் வாசிப்பு அல்ல

அந்த டிஜிட்டல் பியானோவில் இருப்பது ஜெரோம் அண்ணையின் வாசிப்பு அல்ல. என்னுடையது. அவருடையதை நான் அழித்துவிட்டேன்.

பட்டென்று எழுதிவிட்டால் நெஞ்சு இளகும் என்று நினைத்தேன்... ஒன்றும் ஆகவில்லை. நீங்களாவது மேலே படியுங்கள்.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க்கில் எங்கள் தமிழ்த் திருப்பலிக்கு ஒரு மாதம் அவர் வாசிப்பார், மறுமாதம் நான். 2011இல் மாரடைப்பில் போய்விட்டார். மகள் நிரோஷிக்கு அப்போது ஏழு வயது. அவளுக்காகவே ஒரு மெட்டு அமைத்து, வீட்டுப் பியானோவின் நினைவகத்தில் பதிந்து வைத்திருந்தார். வேறு பிரதி கிடையாது. முப்பத்தோராம் நாள் பூசையில் அதை ஒலிக்கச் செய்யவேண்டும் என்பது அவர் மனைவி றெஜினா அக்காவின் ஆசை.

பூசைக்கு இரண்டு நாள் முன் அக்கா அழைத்தார்.

"தங்கச்சி, பியானோவிலை சத்தமே வரேல்லை. ஒருக்கா வந்து பாக்கிறீரோ?"

போனேன். அன்று கீழ்த்தளத்துப் பொதுச் சலவை இயந்திரத்தில் அக்காவின் முறை. எங்கள் அடுக்குமாடிகளில் அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு இரண்டு வாரம் காத்திருக்கவேண்டும். துணிக்கூடையோடு கீழ்த்தளத்துக்குப் போனார். நான் தனியே இருந்தேன்.

விளக்கு எரிந்தது. கட்டையை அழுத்தினால் ஊமை. முதலில் பார்க்கவேண்டியது எதை? ஹெட்ஃபோன் துளையை! பக்கத்து வீட்டாருக்குப் பயந்து ஜெரோம் அண்ணை எப்போதும் ஹெட்ஃபோனில்தான் வாசிப்பார். யாரோ ஹெட்ஃபோனை மட்டும் இழுத்தெடுத்து, அதன் நுனியில் இருந்த சிறு அடாப்டரைத் துளையிலேயே விட்டிருந்தார்கள். அது உள்ளே இருக்கும்வரை ஒலிபெருக்கியில் சத்தம் வராது.

குனிந்து பார்த்திருந்தால் முடிந்திருக்கும். நான் குனியவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! இரண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தபடி மின்சாரத்தைப் போட்டேன். கருவியைப் புதிதாய் வாங்கிய நிலைக்குத் திருப்பும் ரீசெட் அது. உள்ளே பதிவு இருக்கிறதே என்ற எண்ணம் வரவில்லை... அல்லது வந்தும் தள்ளிவிட்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகுதான் அடாப்டர் கண்ணில் பட்டது. பிடுங்கினேன். சத்தம் வந்தது. ப்ளே பொத்தானை அழுத்தினேன். பதிவு இல்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினேன்... இல்லை!

அந்த மெட்டு எனக்குப் பாடம். திருப்பலி முடிந்தபின் அண்ணை எத்தனையோ தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார். ஒலியை அடியோடு குறைத்துவிட்டு ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினேன். ஒலியைக் குறைத்தாலும் பதிவு குறையாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான் கருவி குறித்துக்கொள்ளும். காதுக்கு எதுவும் கேட்காமலே முழுதும் வாசித்தேன். கை நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அக்கா வந்ததும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவரேதான்... பெரிய உதவி செய்துட்டீர், தங்கச்சி."

"ஓம் அக்கா" என்றேன். வாய் கூசவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பூசை முடியட்டும் என்றிருந்தேன். பிறகு ஆண்டு நினைவு முடியட்டும் என்றிருந்தேன். அதன்பின் சாக்குத் தேடுவதையும் விட்டுவிட்டேன். குற்றவுணர்ச்சி என்கிறார்களே, அது வந்தால்கூட நல்லது! மரத்துப்போன கால்போலக் கிடக்கிறது மனம்.

நிரோஷி வளர்ந்துவிட்டாள். இப்போது திருப்பலிக்கு அவள்தான் வாசிக்கிறாள். போன மாதம் எல்லோரும் போனபின் அந்த மெட்டை எனக்கு வாசித்துக் காட்டினாள். பதிவைக் கேட்டுக் கேட்டே பழகியிருக்கிறாள். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று நின்று, ஒரு மூச்சு விட்டு, பிறகு தொடர்ந்தாள்.

"அப்பா இதிலை நிண்டுதான் வாசிப்பார் அன்ரி. அப்பாவின்ரை முகம்கூட எனக்கு வடிவா ஞாபகமில்லை. இந்த இடம் வரேக்கைதான் அப்பா பக்கத்திலை இருக்கிற மாதிரிக் கிடக்கும்."

ஜெரோம் அண்ணை அந்த இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. அன்று பதியும்போது, வெளியே லிஃப்ட் கதவு திறந்த சத்தம் கேட்டு, றெஜினா அக்கா வருகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள் நான்.

"ஓம் பிள்ளை, அப்பா அப்பிடித்தான்" என்றேன்.