சந்தனம் வைத்த டிஸ்க்

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். உண்மை தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. சுற்றி வளைத்துச் சொல்லும் வயது எனக்குக் கடந்துவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்களுக்கான டை, அதாவது அச்சுகள், செய்யும் சிறிய தொழிற்சாலை எங்களுடையது. அதில் திட்டமிடல் பிரிவு என் பொறுப்பு. எங்கள் உண்மையான சொத்து இயந்திரங்கள் அல்ல, சர்வரில் இருந்த டிராயிங்குகள். அவற்றைக் காத்தவள் கள்ளிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு பெண். கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள்.

முகப்பேர் வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியை இயக்க நான் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தேன். அதற்குப் பாஸ்வேர்டு என் வண்டி நம்பர். அவள் அதை எடுத்துவிடச் சொன்னாள். "இது வாசக்கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி சார்." எடுத்துவிட்டேன் என்றேன். எடுக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று அரைநாள் வேலை. எல்லா டிராயிங்குகளையும் ஒரு டிஸ்க்கில் நகலெடுத்த அவள், விடுமுறையில் அது தானாகச் சரிபார்க்கட்டும் என்று சர்வரிலேயே செருகி வைத்துவிட்டு, வீட்டுப் பூஜைக்குக் கிளம்பிவிட்டாள். தொழிற்சாலைப் பூஜையை நடத்துவது எப்போதும் நான். பிரிவுக்கு ஒரு கருவி வைப்பது எங்கள் வழக்கம். லேத்திலிருந்து மைக்ரோமீட்டர், ஃபிட்டரிடமிருந்து அரம். அவள் பிரிவுக்கு எதை வைப்பது? கீபோர்டு அத்தனை அழுக்கு. டிஸ்க்கைப் பிடுங்கி, சந்தனம் குங்குமம் இட்டுச் சாமி முன் வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்றே எடுக்கக்கூடாது அல்லவா? எடுக்கவில்லை. பிறகு அடியோடு மறந்தும் போனேன்.

விடுமுறை முடிந்து வந்தால், எல்லாத் திரையிலும் சிவப்பு எழுத்தில் மிரட்டல். கோப்புகளை யாரோ பூட்டிவிட்டார்கள். திறக்கப் பணம் கேட்டார்கள். சர்வரோடு இணைந்திருந்த இன்னொரு நகலும் போய்விட்டது. டிராயிங் இல்லாமல் இயந்திரங்கள் நின்றன.

"இன்னா மாமே, கம்ப்யூட்டருக்கும் டெங்குவா?" என்றான் லேத் ஆபரேட்டர். யாரும் சிரிக்கவில்லை.

வெளியிலிருந்து யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று அவள் கண்டுபிடித்தாள். முதலாளி முன்னிலையில் எல்லோரையும் கேட்டாள். "ஊட்லருந்து கனெக்ட் பண்றது யாராச்சும் வச்சிகினு கீறீங்களா? திட்ட மாட்டேன், சொல்லுங்க." கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். அதற்குள் என் கணினியிலிருந்து அந்தச் சாஃப்ட்வேரை அழித்திருந்தேன்.

"வழி எதுன்னும் தெரியலை, டிஸ்க்கும் காணோம். அப்ப யாரும்மா பொறுப்பு?" என்றார் முதலாளி. மறுநாள் நோட்டீஸ் போர்டில் அவள் நீக்கப்பட்ட அறிவிப்பு தொங்கியது. கேட்டில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "உங்க கம்ப்யூட்டரை மட்டும் நான் செக் பண்ணலை சார். எடுத்துட்டேன்னு சொன்னீங்க, நம்பிட்டேன்."

இரண்டு நாள் கழித்து அதே ஆபரேட்டர் வந்தான். "சார், பூஜைக்குக் குடுத்த என் மைக்ரோமீட்டர் எங்க சார்?" வாட்ச்மேன் எல்லாவற்றையும் சாமி அலமாரிக்குக் கீழே அள்ளி வைத்திருந்தார். மைக்ரோமீட்டரை எடுத்தேன். அதன் அடியில், காய்ந்த சந்தனத்தோடு, அந்த டிஸ்க்.

செருகியபடி இருந்திருந்தால் அதுவும் பூட்டப்பட்டிருக்கும். ஆனால் அதற்கு இன்னொரு பூட்டு உண்டு. திருடு போனாலும் எவரும் படிக்க முடியாதபடி அவளே போட்ட பூட்டு. திருடர்கள் போட்டதும் அதே வகைப் பூட்டுதான். சாவி யாரிடம் என்பதே வித்தியாசம். அதைத் திறக்கும் நீண்ட வாக்கியம் அவளுக்கு மட்டுமே தெரியும். எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் வைக்கலாம் என்று அவள் கேட்டபோது "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவனும் நான்தான்.

அவளை அழைத்துவர நானே போனேன். டிஸ்க் கிடைத்த நல்ல செய்தியை மட்டும் சொல்லி மீதியை விழுங்கியிருக்கலாம். அவள் கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா சார் பண்றது? என் பேரு அங்க போர்டுல தொங்கிகினு கீது. அங்க போய்ச் சொல்லுங்க. அப்புறம் வரேன்."

வாக்குமூலத்தைக் கையால் எழுதினேன். மறுநாள் காலை, முதலாளியும் தொழிலாளர்களும் நிற்க, அதை உரக்கப் படித்து, கையெழுத்திட்டு, அந்த அறிவிப்பின் மேலேயே குத்தினேன். முதலாளி அடியிலிருந்த அறிவிப்பை உருவிக் கிழித்தார். அவரே அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார்.

அவள் வந்தாள். மூன்று நாள் ஒவ்வொரு கணினியையும் துடைத்துப் புதிதாக்கினாள். நான்காம் நாள் டிஸ்க்கைச் செருகினாள். "எல்லாரும் திரும்பிக்கோங்க" என்றாள். முதலாளி உட்பட அத்தனை பேரும் சுவரைப் பார்த்து நின்றோம். விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது, நீண்டுகொண்டே போனது. பிறகு அவள் குரல்: "வந்துச்சு!"

எல்லா டிராயிங்குகளும் இருந்தன. லேத் ஆபரேட்டர் விசில் அடித்தான். பகல் உணவுக்குள் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின, தரை அதிர்ந்தது. அந்த அதிர்வை என் காலில் அவ்வளவு இனிமையாக நான் உணர்ந்ததே இல்லை. திருடர்களுக்கு ஒரு பைசாவும் போகவில்லை.

என் ராஜினாமாவை முதலாளி மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். அதுதான் நியாயம். இப்போது அவள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவி; கீழே இரண்டு பேர். ஒருமுறை போனபோது, என் காகிதம் இன்னும் போர்டில் இருப்பதைப் பார்த்து, எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் சார். புதுசா சேர்றவங்களுக்கு மொதல்ல அதைத்தான் படிக்கக் குடுக்கறேன்."

ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவளிடமிருந்து போன் வரும். "சார், கிளம்பி வாங்க. டிஸ்க்கை நானே கழட்டி வச்சிட்டேன். நீங்க சந்தனம் மட்டும் வச்சாப் போதும்."

போகிறேன். வைக்கிறேன்.