கதவில் ஒரு சாண் கண்ணாடி

சூப்பக்காவின் சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. நாலு மேசைக் கடை. பருப்பு சூப், காய்கறி சூப், ரொட்டி, அவித்த முட்டை. இருபத்திரண்டு வருஷமாக அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அடுப்படிக்கும் மேசைகளுக்கும் நடுவே கதவு கிடையாது. அடுப்பருகே நின்றபடி கழுத்தைத் திருப்பினால் போதும், முதல் கரண்டி வாய்க்குள் போனதும் முகம் என்ன ஆகிறது என்று தெரியும். புருவம் ஏறினால் உப்புக் கூட. தோள் இறங்கினால் சரியாக இருக்கிறது. அவள் உப்புப் பார்த்ததே அந்த முகங்களில்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் புது விதிகள் வந்தன. சமையலறைக்குத் தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும் என்றார்கள். போட்டாள். கை கழுவ ஒரு தொட்டி, காய்க்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று என்றார்கள். வைத்தாள்; நாலு மேசை மூன்றாயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சூப்பின் சூட்டை அளந்து நோட்டில் எழுதச் சொன்னார்கள். எலிப்பொறிக்கு ஒரு நோட்டு, துடைக்கும் துணிக்கு ஒன்று. ஐநூறு பேருக்குச் சமைக்கும் ஓட்டலுக்கும் இதே நோட்டுகள்தான். அங்கே எழுதவென்றே ஒரு ஆள் இருப்பார். இங்கே கரண்டி பிடிக்கிற கைதான் பேனாவும் பிடிக்க வேண்டும்.

“பேசாம நோட்டையே பரிமாறிடலாம் அண்ணி. உப்பு இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க” என்பாள் மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவளால் கதவை மட்டும் பொறுக்க முடியவில்லை. காலிக் கிண்ணங்கள் உள்ளே வரும். கிண்ணம் காலியாகப் பசி ஒன்றே போதுமே. எப்படி இருந்ததாம் என்று நாத்தனாரைக் கேட்கவும் கூச்சம். கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதிக்க மனுப் போட்டாள். அதற்கு வரைபடம் கேட்டார்கள். பிறகு தீத்தடுப்புச் சான்று. பிறகு திருத்திய வரைபடம். எட்டு மாதம் செருப்புத் தேய நடந்தபின், ஆபீசர் புதன்கிழமை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்றார்கள்.

செவ்வாய் மாலை வெங்காயம் உரித்து வைத்தாள், பருப்பை ஊறப் போட்டாள், கையோடு புதன்கிழமை நோட்டையும் எழுதி முடித்தாள். நாளைய வேலையில் பாதியை இன்றே முடிப்பது அடுப்படிக்காரியின் கைப்பழக்கம். அதுவும் ஆபீசர் வருகிற நாளில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாதல்லவா.

ஆபீசர் பதினொரு மணிக்கு வந்தார். தலை நரைத்தவர், மரியாதையான மனிதர். கதவை அளந்தார், தலையாட்டினார், பேனாவைத் திறந்தார். பிறகு நோட்டைப் புரட்டினார்.

“சாயங்காலம் ஆறு மணிக்குச் சூடு எண்பத்திரண்டுன்னு போட்டிருக்கீங்களேம்மா. இப்ப மணி பதினொண்ணுதானே ஆகுது?”

“ஆறு மணிக்கு வந்து பாருங்க சார். எண்பத்திரண்டுதான் இருக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பேனாவை மூடிவிட்டார். நோட்டில் கோளாறு உள்ள கடைக்கு எந்த மாற்றத்தையும் அனுமதிக்க விதியில் இடமில்லையாம். ஆறு மாதம் ஒழுங்காக எழுதிவிட்டுப் புதிதாக மனுப் போடச் சொன்னார். கடையை மூடச் சொல்லாமல் விட்டதே பெரிது என்று அவரே வருத்தத்தோடு சொன்னார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஒரு சூப் கேட்டார். நாத்தனார் கிண்ணத்தை எடுத்துப்போக, கதவு தானாக மூடிக்கொண்டது. சூப்பக்கா அதில் காதை வைத்து நின்றாள். கரண்டி கிண்ணத்தில் இடித்தது. நின்றது. வெகு நேரம் கழித்து மறுபடி இடித்தது.

நாத்தனார் உள்ளே வந்ததும் கூச்சத்தை விட்டுக் கேட்டாள்: “எப்படிச் சாப்பிட்டார்?”

“வாயாலதான்” என்றவள் அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். இல்லாத கரண்டியை எடுத்து வாயில் வைத்தாள், கண்ணை மூடினாள். புருவம் அசையவில்லை. தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

“இப்படி, அண்ணி.”

சூப்பக்கா அடுப்பிலிருந்த கரண்டியை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

“இன்னொரு தரம் காட்டு” என்றாள்.